தலைப்புக்குத் தடித்த வட்டமுனை எழுத்துரு: தமிழில் எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

தாழைமடல் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம்.

ஐந்து முதல் எட்டு வயதுக் குழந்தைகளுக்கான கதைநூல் வரிசை ஒன்றுக்கு அட்டையும் உள்பக்கங்களும் வடிவமைத்துக்கொண்டிருக்கிறேன். கோடுகள் தடித்தும் முனைகள் உருண்டும் இருக்கிற எழுத்துதான் தலைப்பில் வர வேண்டும் என்று பதிப்பகத்தார் உறுதியாகச் சொல்லிவிட்டார்கள். ஆங்கிலத்தில் இந்த வகைக்குப் பஞ்சமே இல்லை. ஏரியல் ரவுண்டட், வாக் ரவுண்டட், ஹெல்வெடிகா ரவுண்டட், நூனிட்டோ என்று அடுக்கிக்கொண்டே போகலாம். தமிழில் தேடியபோது பலூ தம்பியும் காய்னியும் உடனே கண்ணில் பட்டன. வேறு சிலவற்றில் முனை உருண்டிருந்தாலும் தடிமன் போதவில்லை.

இதற்கிடையில், நாங்கள் ஏற்கெனவே உள்பக்கத்துக்குப் பயன்படுத்தும் தமிழ் எழுத்துருவையே எடுத்து, இல்லஸ்ட்ரேட்டர் மென்பொருளில் அதைச் சுற்றி ஒரு ஸ்ட்ரோக் (வெளிக்கோடு) கொடுத்து, அதன் மூலைகளை வளைக்கும் ரவுண்டு ஜாயின் வைத்துவிட்டால் தடிமனும் வந்துவிடும், முனையும் உருண்டுவிடும் என்று அச்சகத்தில் ஒரு யோசனை சொன்னார்கள். செய்து பார்த்தோம். அட்டையின் பெரிய தலைப்பு பரவாயில்லை. ஆனால் உள்ளே 24 புள்ளி (பாயிண்ட்) அளவில் வரும் கதைத் தலைப்புகளை மேப்லித்தோ தாளில் மாதிரி எடுத்தபோது "தேன்" என்பது "தென்" போலவும், "கீரி" என்பது "கிரி" போலவும் தெரிகின்றன. அச்சகத்தார் மை அதிகமாகிவிட்டது என்கிறார்கள். எனக்கு அது மட்டுமே காரணமாகத் தோன்றவில்லை.

ஆகவே என் கேள்வி இதுதான். இருக்கும் எழுத்துருவை இப்படி உருட்டிக்கொள்வது தகுமா, அல்லது தொடக்கத்திலிருந்தே அதற்காக வரையப்பட்ட எழுத்துருவைத்தான் எடுக்க வேண்டுமா? அப்படி எடுப்பதானால் தமிழ் எழுத்தில் எந்த இடங்களைக் கூர்ந்து பார்க்க வேண்டும்? கதையின் உடல்பகுதிக்கும் இதே எழுத்தைப் போடலாமா? இதே வரிசையின் பெயரை ஒரு வாசிப்பு அறையின் முகப்பில் அக்ரிலிக் எழுத்தாக வெட்டி வைக்கும் திட்டமும் இருக்கிறது. அதையும் மனத்தில் வைத்துச் சொன்னால் உதவியாக இருக்கும்.


வெட்டெழுத்து எழுதியது:

வணக்கம். உங்கள் ஐயம் சரியானது. குற்றம் மையில் மட்டும் இல்லை, உருட்டிய முறையிலேயே இருக்கிறது.

ஆங்கில எழுத்தில் ஒரு கோடு தொடங்கும் இடமும் முடியும் இடமும் வெளிப்படையாகத் தெரியும். சிறிய n எழுத்தை எடுத்துக்கொண்டால் மேலே ஒரு முனை, கீழே இரண்டு முனைகள் என்று மூன்று இருக்கின்றன, அவற்றை அரைவட்டமாக்கினாலே எழுத்தின் குணம் மாறிவிடுகிறது. அதனால்தான் அங்கே வட்டமுனை எழுத்து என்பது பெரும்பாலும் முனைகளைப் பற்றிய வேலையாக இருக்கிறது. தமிழ் எழுத்தோ பிறப்பிலேயே சுழிகளால் ஆனது, அதில் திறந்த முனைகள் குறைவு, மூடிய வளைவுகள் மிகுதி. எனவே தமிழில் தடித்த வட்டமுனை எழுத்தை வரைகிறவர் முனையில் செலவிடுவதைவிடப் பல மடங்கு நேரத்தைச் சுழிக்குள் இருக்கும் வெள்ளையில் செலவிட வேண்டியிருக்கிறது. நீங்கள் கூர்ந்து பார்க்க வேண்டிய இடமும் அந்த வெள்ளைதான்.

இதை எண்ணில் பார்த்தால் தெளிவாகும். பொதுவாக எழுத்துருவை ஒரு எம்முக்கு (எழுத்தளவுக்குச் சமமான நீளத்துக்கு) 1000 அலகு என்ற கட்டத்தில் வரைகிறோம். உங்கள் உள்பக்க எழுத்துருவில் ஏகாரக் கொம்பின் சிறு சுழிக்குள் 60 அலகு வெள்ளை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சுற்றிலும் ஸ்ட்ரோக் கொடுத்தால் அது வெளிப்பக்கம் வளர்வதுபோலவே உள்பக்கமும் வளரும். பக்கத்துக்கு 20 அலகு வளர்ந்தால் சுழியின் இரு கரையும் சேர்ந்து 40 அலகை விழுங்கிவிட, மிஞ்சுவது 20 அலகு. 24 புள்ளி அளவில் ஒரு எம் என்பது ஏறத்தாழ 8.5 மில்லிமீட்டர், ஆகவே அந்த 20 அலகு தாளில் 0.17 மில்லிமீட்டர்தான். மேப்லித்தோ போன்ற பூச்சில்லாத தாளில் மை சற்றுப் பரவும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான், அந்தப் பரவலுக்கு இந்த இடைவெளி தாங்காது. அச்சகத்தார் சொல்வதும் பொய்யில்லை, ஆனால் அவர்கள் கையில் கொடுக்கப்பட்ட வடிவத்திலேயே பரவுவதற்கு இடம் விடப்படவில்லை.

இதில் தமிழுக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. நம் எழுத்தில் குறிலுக்கும் நெடிலுக்கும் உள்ள வேறுபாடு பல இடங்களில் மிகச் சிறிய உறுப்பு ஒன்றிலேயே தொங்குகிறது. ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைக் கொம்புக்கும் இடையே ஒரு சுழி, கி என்பதற்கும் கீ என்பதற்கும் இடையே மேல்விலங்கின் நுனியில் ஒரு சுழி, ஒகர ஓகாரத்துக்கு இடையே அடியில் ஒரு சுழி, எகர ஏகாரத்துக்கு இடையே ஒரு சாய்ந்த கீற்று. ஆங்கிலத்தில் சிறிய ஈ எழுத்தின் உள்வெளி அடைபட்டாலும் படிப்பவர் சொல்லை ஊகித்துக்கொள்வார். தமிழில் சுழி அடைபட்டால் வேறொரு சொல் கிடைத்துவிடுகிறது, அதுவும் பொருளுள்ள சொல்லாகவே கிடைத்துவிடுகிறது. கொடு கோடாகாது, கோடு கொடுவாகிவிடும்.

முனைகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒரு கோட்டின் சதுர முனையை முழு அரைவட்டமாக மாற்றினால், அந்த அரைவட்டம் அடங்கும் செவ்வகத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் கூடுதலான கருமை குறைந்துபோகும். அளவுகோலில் நீளம் மாறியிருக்காது, கண்ணுக்கு மட்டும் கோடு குட்டையாகத் தெரியும். பழகிய வடிவமைப்பாளர் இதை ஈடுகட்ட முனையைச் சற்று நீட்டி, அடிக்கோட்டுக்குக் கீழே ஒரு மயிரிழை இறங்கும்படி வரைவார். இயந்திரம் தானாக உருட்டும்போது இந்த நீட்டல் நடப்பதில்லை. இதனால் முதலில் அடிபடும் எழுத்து ர. அதற்கும் துணைக்காலுக்கும் உள்ள வேறுபாடு கீழே இறங்கும் அந்தக் குட்டைச் சாய்கோடுதான். தடித்த எழுத்தில் அந்தச் சாய்கோட்டின் நீளம் அதன் அகலத்தைவிடப் பெரிதாக இருப்பதில்லை. அதன் முனையையும் உருட்டிவிட்டால் கோடு என்பது போய் ஒரு புடைப்பு மட்டும் மிஞ்சும், "மரம்" என்ற சொல் "மாம்" என்று நிற்கும்.

இன்னொன்று, முனையை உருட்டுவதும் மூலையை உருட்டுவதும் ஒரே முடிவல்ல. ப, ட, ம, ய ஆகிய எழுத்துகளின் அடி மூலைகள் அவற்றின் அடையாளம். மென்மை வேண்டும் என்று ப-வின் இரண்டு அடி மூலைகளையும் தாராளமாக வளைத்தால் அது ஆங்கிலப் பெரிய யு எழுத்தாகிவிடும். நல்ல எழுத்துருவில் முனைகள் முழு அரைவட்டமாக இருக்கும், வெளிமூலைகள் சிறிதளவே மழுங்கியிருக்கும், உள்மூலைகள் கிட்டத்தட்ட கூர்மையாகவே விடப்பட்டிருக்கும். உள்மூலையைக் கூர்மையாக விடுவது அங்கே மை தேங்காமல் இருக்கவும் உதவும்.

ஆகவே உங்கள் முதல் கேள்விக்கு என் பதில், கூடாது என்பதே. தடிப்புக்காகவே வரையப்பட்டதை எடுங்கள். அப்படி வரையப்பட்ட எழுத்தில் ண, ஞ, ஊ, ஐ போன்ற நெரிசலான எழுத்துகள் அகலமாக்கப்பட்டிருக்கும். சுழியின் உள்வளைவில் கோடு வெளிவளைவைவிட மெலிந்திருக்கும். பார்வைக்கு எல்லாக் கோடும் ஒரே தடிமன் போலத் தோன்றினாலும் அளந்து பார்த்தால் ஒன்றும் ஒன்றுபோல் இருக்காது. மூன்று சுழி ண-வும் இரண்டு சுழி ன-வும் ஒரே அகலத்தில் இருக்கும் தடித்த எழுத்துருவை நான் தொடவே மாட்டேன்.


பலகைமேடை எழுதியது:

வெட்டெழுத்து ஐயா தாளைப் பற்றிச் சொல்லிவிட்டார், நான் பலகையைப் பற்றிச் சொல்கிறேன். என் தொழில் அக்ரிலிக், ஏசிபி (அலுமினியக் கூட்டுப் பலகை), சானல் லெட்டர் (உள்ளே விளக்கு வைக்கும் பெட்டி எழுத்து) ஆகியவற்றை வெட்டிப் பொருத்துவது.

முதலில் ஒரு செய்தி. உருண்ட முனை என்றாலே குழந்தைகளுக்கானது என்று இப்போது எல்லோரும் நினைக்கிறார்கள், ஆனால் அதன் வேர் பட்டறையில் இருக்கிறது. சுழலும் வெட்டுமுனையால் உலோகத் தகட்டிலோ பிளாஸ்டிக்கிலோ எழுத்தைச் செதுக்கினால் ஒவ்வொரு கோட்டின் முனையும் தானாகவே அரைவட்டமாகத்தான் முடியும், வேறு விதமாக முடியவே முடியாது. அமெரிக்காவின் கார்ட்டன் நிறுவனத்துச் செதுக்கு எந்திரங்களின் எழுத்து அப்படி வந்ததுதான், அது பழைய கருவிப் பலகைகளிலும் விசைப்பலகைகளிலும் பரவலாக இருந்தது. வாக் ரவுண்டட் என்று கேட்டவர் குறிப்பிட்டாரே, அதுவும் பொம்மைக்காகப் பிறந்ததல்ல. 1979-இல் ஜெர்மனியின் வோக்ஸ்வேகன் குழுமம் தன் கார் விற்பனை நிலையங்களுக்காக உருவாக்கச் செய்த எழுத்து அது. பின்னர் ஆப்பிள் மடிக்கணினிகளின் விசைகளில் பல ஆண்டுகள் இருந்து, 2015-இல் சான் பிரான்சிஸ்கோ எழுத்துரு வரத் தொடங்கியதும் ஒதுங்கியது. ஜப்பானிலோ சாலைப் பெயர்ப்பலகைகளிலேயே மாரு கோத்திக் என்ற வட்டமுனை எழுத்தைப் பார்க்கலாம், அங்கே யாரும் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை.

இனி உங்கள் முகப்பு எழுத்துக்கு வருகிறேன். ஐயா சொன்ன அதே கணக்கை நாங்களும் போடுவோம், அலகு மட்டும் பெரிது. எழுத்தின் எம் அளவு 300 மில்லிமீட்டர் என்றால் சுழிக்குள் 30 அலகு வெள்ளை என்பது 9 மில்லிமீட்டர், 6 மில்லிமீட்டர் வெட்டுமுனை தாராளமாக உள்ளே போய்வரும். அதே எழுத்தை 100 மில்லிமீட்டருக்குச் சுருக்கினால் அந்த இடம் 3 மில்லிமீட்டராகிவிடும். அப்போது 6 மில்லிமீட்டர் முனை உள்ளே நுழையாது, 3 மில்லிமீட்டர் முனையும் உரசிக்கொண்டுதான் போகும். லேசரில் வெட்டினால் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் கூர்மையான உள்மூலையிலிருந்து அக்ரிலிக்கில் விரிசல் ஓடும் வாய்ப்பு எப்போதும் உண்டு, அந்த வகையில் சற்று மழுங்கிய மூலை எங்களுக்கு நல்லது. ஸ்டிக்கர் வெட்டினாலும் அப்படித்தான். கூர்மூலைதான் முதலில் உரிந்து எழும்பும், உருண்ட முனை ஒட்டிக்கொண்டு கிடக்கும்.

உள்ளே எல்.இ.டி. வைத்துச் சானல் லெட்டராகச் செய்வதானால் தடித்த கோடு மிகவும் வசதி, விளக்கு வரிசைக்கு இடம் கிடைக்கும். ஆனால் சுழியின் உட்புறச் சுவருக்குத் தகடு வளைப்பது கைவேலையில் மிகக் கடினம், கூலியும் அங்கேதான் ஏறும். பெயரில் ண, ஞ, ஊ இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

புள்ளியை யாரும் நினைப்பதில்லை. எழுத்துகளைத் தனித்தனியாக வெட்டிச் சுவரில் பதிக்கும்போது புள்ளி தனித் துண்டு, அதன் பின்னால் பசை பிடிக்கும் பரப்பு மிகக் குறைவு. வெயிலும் மழையும் பட்டு முதலில் விழுவது அதுதான். நம் ஊர்க் கடைத்தெருவில் நிமிர்ந்து பார்த்துக்கொண்டே நடந்தால் மெய்யெழுத்தெல்லாம் உயிர்மெய்யாகிப்போன பலகைகள் ஏராளமாகத் தென்படும். வட்டமுனை எழுத்துருவில் புள்ளி பெரிய வட்டமாக வருவதால் பின்புறம் இரண்டு ஆணி வைக்க இடம் இருக்கும். அதுவும் முடியாவிட்டால் பெயர் முழுவதையும் ஒரு தெளிவான அக்ரிலிக் பலகையின் மேல் ஒட்டி, அந்தப் பலகையைச் சுவரில் பொருத்தச் சொல்லுங்கள்.


சிலேட்டு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் தொடக்கப் பள்ளியில் முதல் இரண்டு வகுப்புகளுக்குப் பாடம் எடுக்கிறேன். அட்டையில் எந்த எழுத்து வந்தாலும் எனக்கு ஆட்சேபமில்லை, ஆனால் உடல்பகுதிக்கும் இதே எழுத்தைப் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்களே, அங்கேதான் தலையிட வேண்டியிருக்கிறது.

குழந்தைகளுக்கு உருண்ட முனை பழகியதுதான், இதை ஒப்புக்கொள்கிறேன். அவர்கள் பென்சிலிலோ பலப்பத்திலோ எழுதும் கோடு எங்கும் ஒரே தடிமனாக இருக்கும், முனையும் மழுங்கித்தான் முடியும். ஆகவே அச்சில் உள்ள எழுத்து அவர்கள் கையெழுத்துக்கு அருகில் இருக்க வேண்டும் என்றால் உருண்ட முனை பொருத்தமே. தடிப்பு அப்படியல்ல. ஆறு வயதுக் குழந்தை எழுத்தை ஒரு படமாகப் பார்ப்பதில்லை, எங்கே தொடங்கி எப்படிச் சுழித்து எங்கே முடிக்கிறார்கள் என்று விரலால் தொடர்ந்துகொண்டே போகிறது. கோடு தடித்துச் சுழி சுருங்கிவிட்டால் அந்தப் பாதை தெரிவதில்லை. தடித்த எழுத்தில் அச்சான ஒரு அட்டையைக் காட்டி ஞ எழுதச் சொன்னால் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் குழந்தை வெளிக்கோட்டை வரைந்துகொண்டு வரும், வகுப்பில் இதைப் பார்த்திருக்கிறேன்.

பெரியவர்களாகிய நாம் "தேன்" என்பதை "தென்" என்று கண்டாலும் பக்கத்தில் இருக்கும் தேனீப் படத்தைப் பார்த்துத் திருத்திக்கொள்வோம். குழந்தை அப்போதுதான் ஒற்றைக் கொம்பையும் இரட்டைக் கொம்பையும் பிரித்தறியக் கற்கிறது. வீரமாமுனிவர் வகுத்துத் தந்ததாக நாம் பாடம் நடத்தும் அந்த வேறுபாடு குழந்தை கையில் எடுக்கும் முதல் கதைநூலிலேயே அழிந்திருக்கக் கூடாது.

வட்டமுனை எழுத்து படிப்பதற்கு எளிது என்று சிலர் பொதுவாகச் சொல்வதையும் நான் ஏற்பதில்லை. நட்பாகத் தெரிவது வேறு, எளிதாகப் படிக்க வருவது வேறு. ஒரு பக்கம் முழுவதும் தடித்த எழுத்தில் நிரப்பினால் தாள் கறுத்துவிடும், குழந்தை வரியைத் தவறவிடும்.


வெட்டெழுத்து எழுதியது:

சிலேட்டு அம்மா சொல்வதோடு முழுவதும் உடன்படுகிறேன். சிறிய அளவில் உருண்ட முனையால் பயனும் இல்லை. 12 புள்ளியில் அந்த அரைவட்டம் கண்ணுக்குத் தெரியாது, எழுத்து சற்றுத் தெளிவில்லாமல் அச்சானதுபோலத்தான் தோன்றும். மென்மை தெரிய வேண்டுமானால் எழுத்து பெரிதாக இருக்க வேண்டும்.

உடல்பகுதிக்கும் உருண்ட முனையே வேண்டும் என்று பதிப்பகத்தார் பிடிவாதம் பிடித்தால், அதே எழுத்துருக் குடும்பத்தின் மெலிந்த எடையை (தடிமன் வகையை)ப் பெரிய அளவில் போடலாம். மும்பையைச் சேர்ந்த ஏக் டைப் வரைந்த பலூவின் முதல் வெளியீட்டில் ஒரே ஒரு தடித்த எடைதான் இருந்தது. பின்னர் வந்த பலூ 2 வரிசையில் ரெகுலர் முதல் எக்ஸ்ட்ராபோல்டு வரை ஐந்து எடைகள் இருக்கின்றன. ஆகவே தலைப்புக்கு எக்ஸ்ட்ராபோல்டும் கதைக்கு ரெகுலரும் என்று பலூ தம்பி 2-ஐ வைத்துப் பக்கம் கட்டிப் பார்க்கலாம். காய்னி ஒரே எடையில்தான் கிடைக்கிறது, அதை அட்டைக்கு மட்டும் கருதலாம்.

தேர்வு செய்வதற்கு முன் ஒரு சோதனைத் தாள் எடுங்கள். எழுத்துருவின் அறிமுகப் பக்கத்தில் அழகாகக் காட்டப்படும் சொற்களை நம்பாமல், சிக்கலான சொற்களையே வேண்டுமென்று போடுங்கள்: தென், தேன், கொடு, கோடு, கிரி, கீரி, எட்டு, ஏட்டு, ஒடு, ஓடு, மரம், மாம்பழம், ஊஞ்சல், கண்ணாடி, ஐந்து, மூஞ்சூறு. இவற்றை நீங்கள் உண்மையில் பயன்படுத்தப்போகும் அளவிலும் அதைவிட ஒரு படி சிறிய அளவிலும், நூல் அச்சாகும் அதே தாளில் அச்சிட்டு, கையை நீட்டிப் பிடித்துப் பார்க்கலாம். மூஞ்சூறு என்ற சொல் தெளிவாக நின்றுவிட்டால் மற்றவை பெரும்பாலும் நின்றுவிடும்.


கட்டற்றவன் எழுதியது:

உரிமம், மென்பொருள் ஆகியவை பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பலூ, காய்னி இரண்டும் எஸ்.ஐ.எல். திறந்த எழுத்துரு உரிமத்தில் வருகின்றன. விற்பனைக்கான நூலில் பயன்படுத்தலாம், பலகையில் வெட்டலாம், பி.டி.எஃப். கோப்பில் பொதிக்கலாம், யாருக்கும் பணம் செலுத்த வேண்டியதில்லை. எழுத்துருவை மட்டும் தனியே விலைக்கு விற்கக் கூடாது. உங்கள் நூல் அந்த உரிமத்துக்குள் வந்துவிடும் என்ற அச்சமும் வேண்டாம், அது எழுத்துருக் கோப்பை மட்டுமே கட்டுப்படுத்தும். சுழி ஒன்றை நீங்களே அகலமாக்கிப் புதிய கோப்பாக வெளியிட விரும்பினால் அதுவும் முடியும். உரிமத்தில் பெயர் ஒதுக்கப்பட்டிருந்தால் வேறு பெயர் வைக்க வேண்டும், மாற்றிய கோப்பையும் அதே உரிமத்திலேயே வெளியிட வேண்டும்.

மென்பொருளில் கவனிக்க வேண்டியது இரண்டு. ஒரே எடை உள்ள எழுத்துருவைத் தேர்ந்தெடுத்துவிட்டு, இன்னும் தடிப்பாகட்டும் என்று போல்டு பொத்தானை அழுத்தினால் சில மென்பொருள்கள் தாமாகவே ஒரு போலித் தடிப்பைச் சேர்த்துவிடும். வெட்டெழுத்து ஐயா சொன்ன ஸ்ட்ரோக் கதைதான் அங்கேயும், ஆனால் செய்தது யார் என்று தெரியாது. அடுத்து, பக்கம் கட்டும் இன்டிசைன் மென்பொருளில் வேர்ல்டு ரெடி கம்போசர் என்ற அமைப்பைத் தேர்ந்தெடுத்தால்தான் யுனிகோடு தமிழ் ஒழுங்காக அமையும். இல்லாவிட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். அச்சகத்துக்கு அனுப்புமுன் தலைப்புகளை அவுட்லைனாக (எழுத்துரு தேவைப்படாத வரைவடிவமாக) மாற்றிவிடுவது பாதுகாப்பு, மாற்றிய பிறகு ஒருமுறை படித்துப் பார்ப்பது அதைவிடப் பாதுகாப்பு.


தாழைமடல் எழுதியது:

அனைவருக்கும் மிக்க நன்றி. வெட்டெழுத்து ஐயா தந்த சொற்களைப் பலூ தம்பி 2-இன் எக்ஸ்ட்ராபோல்டிலும் எங்கள் ஸ்ட்ரோக் வடிவத்திலும் அருகருகே மேப்லித்தோவில் எடுத்துப் பார்த்தேன். 24 புள்ளியில் ஸ்ட்ரோக் வடிவத்தின் "மூஞ்சூறு" படிக்கவே முடியவில்லை. மற்றது நிற்கிறது. பதிப்பகத்தாரிடம் இரண்டையும் காட்டினேன், விவாதத்துக்கு இடமில்லாமல் போயிற்று. கதைப் பகுதிக்கு இந்தத் தடித்த எழுத்து வேண்டாம் என்பதையும் சிலேட்டு அம்மாவின் பதிலைக் காட்டியே ஒப்புக்கொள்ள வைத்துவிட்டேன்.

இன்னும் இரண்டு ஐயங்கள் இருக்கின்றன. தலைப்பு இரண்டு வரியாக மடங்கும்போது, மேல்வரியில் உள்ள கூ, ஞ ஆகியவற்றின் அடிப்பகுதி கீழ்வரியின் புள்ளியில் இடிக்கிறது. வரி இடைவெளியைக் கூட்டினால் தலைப்பு இரண்டாகப் பிளந்து தெரிகிறது. மற்றொன்று, அட்டையில் தமிழ்த் தலைப்பின் கீழ் ஆங்கிலத் தலைப்பும் வருகிறது. ஒரே எழுத்துருவாக இருந்தும் ஆங்கிலம் தமிழைவிடக் கறுப்பாகத் தெரிகிறதே, ஏன்?


வெட்டெழுத்து எழுதியது:

வரி இடைவெளியைத் தலைப்பில் எண்ணைக் கொண்டு முடிவு செய்யாதீர்கள், சொல்லைக் கொண்டு முடிவு செய்யுங்கள். தமிழ் எழுத்து மேலும் வளரும், கீழும் வளரும். மேலே புள்ளியும் மேல்விலங்கும், கீழே உகர ஊகாரக் கூட்டலும் இருக்கும். ஆங்கிலத் தலைப்புபோல இறுக்கிக் கட்ட முடியாது என்பது உண்மை, ஆனால் எல்லாச் சொல்லிலும் இடிப்பதில்லை. வரியை வேறு இடத்தில் மடக்கினாலே பல நேரங்களில் மேலே உள்ள கூ-வின் கீழே புள்ளியில்லாத எழுத்து வந்து அமைந்துவிடும். அதுவும் இயலாதபோது, அவுட்லைனாக மாற்றிய பிறகு கீழ்வரியை அரை எழுத்து அகலம் வலப்பக்கம் நகர்த்திப் பார்க்கலாம். குழந்தை நூல் அட்டையில் வரிகள் சற்று முன்பின்னாக இருப்பது குறையாகத் தெரியாது. செய்யக் கூடாதது ஒன்று உண்டு: இடம் போதவில்லை என்று புள்ளியைச் சிறிதாக்குவதோ எழுத்தோடு ஒட்டி இறக்குவதோ வேண்டாம். தடித்த எழுத்தில் புள்ளி கோட்டின் தடிமனைவிடச் சற்றுப் பெரிதாக இருந்தால்தான் அதே அளவாகத் தோன்றும், எழுத்துக்கும் அதற்கும் இடையே தெளிவான வெள்ளையும் இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் மேலே முளைத்த ஒரு கட்டிபோல ஆகிவிடும்.

ஆங்கிலம் கறுப்பாகத் தெரிவது இயல்பு. தமிழ் எழுத்துக்குள் சுழிகளின் வெள்ளை பல துண்டுகளாகச் சிதறிக் கிடக்கும். அதைக் காப்பாற்றவே தமிழ்க் கோட்டை வரைபவர் ஆங்கிலக் கோட்டைவிட மெலிதாக வைப்பது வழக்கம். ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் உள்வெளி குறைவு, கோடு நேராக ஓடும், ஆகவே அடர்த்தி கூடும். பல எடைகள் உள்ள குடும்பமாக இருப்பதால் உங்களுக்கு வழி எளிது. தமிழை எக்ஸ்ட்ராபோல்டில் வைத்துக்கொண்டு ஆங்கிலத்தை ஒரு படி இறக்கி போல்டிலோ செமிபோல்டிலோ போட்டுப் பாருங்கள். முழுவதும் பெரிய எழுத்தாகப் போடாமல் சிறிய எழுத்துகளில் போட்டாலும் கறுமை தணியும், வட்டமுனையின் மென்மையும் சிறிய எழுத்தில்தான் நன்றாகத் தெரியும்.


பலகைமேடை எழுதியது:

முகப்புப் பலகைக்குக் கோப்பு அனுப்பும்போது அச்சுக்கு அனுப்பிய அவுட்லைனையே அப்படியே அனுப்பிவிடாதீர்கள். சில எழுத்துருக்களில் கொம்பு, கால், எழுத்து என்று தனித்தனிப் பாதைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். அச்சில் அது தெரியாது, வெட்டும் எந்திரம் மட்டும் ஏறியிருக்கும் இடத்தில் எழுத்தைக் குறுக்கே அறுத்துவிடும். எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து யூனைட் செய்து (ஒன்றாக இணைத்து), ஏறியிருக்கும் பாதை எதுவும் மிஞ்சாமல் எல்லாம் மூடிய பாதைகளாக இருக்கின்றனவா என்று அவுட்லைன் பார்வையில் சரிபார்த்து அனுப்புங்கள். எழுத்தின் உயரத்தை மில்லிமீட்டரில் குறிப்பிடுங்கள். புள்ளிகளை வேறு நிறத்தில் காட்டியிருந்தால் அவற்றைத் தனியாக எண்ணி, உதிரியாகச் சில கூடுதலாகவே வெட்டி வைத்துக்கொள்வோம்.